தேவாங்கு

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இரவு விலங்கு தேவாங்கு. குரங்குகளும் மனிதரும் அடங்கிய முதனிகள் வரிசையைச் சேர்ந்தது. வால் கிடையாது, கைகால்கள் குச்சியாய் நீண்டிருக்கும், முகத்தில் பாதி கண்தான். தமிழ்நாட்டின் சாம்பல் தேவாங்கு கால் கிலோ எடையைச் சற்றே தாண்டும். ஒல்லியானவரைக் கேலி செய்ய இதன் பெயரைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் இதை ஒருமுறையும் பார்த்ததில்லை.

அறிவியலும் இதைச் சரியாகப் பார்க்க வெகுகாலம் பிடித்தது. 1758இல் லின்னேயஸ் இதை மெதுவாக நடக்கும் விலங்கு என்று குறித்துப் பெயரிட்டார். அந்தப் பெயரோ தென்கிழக்காசியாவில் வாழும் வேறொரு தேவாங்கின் மேல் ஒட்டிக்கொண்டது. 1902இல்தான் குழப்பம் தீர்ந்தது. தனிப் பேரினமாக இதை 1796இல் பிரித்தவர் பிரான்சின் ஜொஃப்ருவா. சாம்பல் தேவாங்குக்கு 1908இல் பெயர் தந்தவர் ஸ்பெயினின் காப்ரேரா. ஆனாலும் இலங்கைச் செந்தேவாங்கின் உட்பிரிவாகவே அது நெடுங்காலம் எண்ணப்பட்டது. தனி இனம் என்ற கருத்து இந்த நூற்றாண்டில்தான் நிலைபெற்றது.

மெதுவான விலங்கு என்பதும் பாதி உண்மைதான். கிளை அசையாமல் ஊர்வது இரையை நெருங்கும் உத்தி. தேவைப்பட்டால் விரைந்து ஓடவும் இதற்குத் தெரியும். திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர்க் காட்டில் 1990களின் பிற்பகுதியிலிருந்து ஆய்வாளர் ஆன்னா நெக்காரிஸ் நடத்திய ஆய்வுகள், இதன் உணவு ஏறக்குறைய முழுவதும் சிற்றுயிர்களே என்று காட்டின. எறும்பும் கரையானும் அதில் முதன்மையானவை. தனித்துத் திரியும் விலங்கு என்ற பழைய எண்ணமும் அங்கே உடைந்தது. பகலில் சிறு கூட்டமாக ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உறங்கும். இரவில் தாய் இரைதேடப் போகையில் கிளையில் விட்டுச்சென்ற குட்டிகளிடம் ஆண்கள் வந்து விளையாடுவதுண்டு.

இந்த விலங்குக்குக் கேடு வந்தது கண்ணால்தான். வசியத்துக்கும் மருந்துக்கும் தேவாங்கின் கண் உதவும் என்ற நம்பிக்கையால் எண்ணற்றவை பிடிக்கப்பட்டன. மாந்திரீகத்துக்காகச் சித்திரவதைக்கும் உள்ளாயின. இந்த நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை. விழித்திரைக்குப் பின்னுள்ள ஒரு படலம் மங்கிய ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அந்தக் கண்கள் இருளில் ஒளிர்கின்றன, அவ்வளவே. இன்று காட்டில் தேவாங்குகளைக் கணக்கெடுப்பவர்கள் விளக்கொளியில் தேடுவதும் அந்த மினுக்கத்தைத்தான்.

இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் வாழும் தடித்த ரோமமுள்ள தேவாங்கு வகையை 1942இல் ஆஸ்மன் ஹில் விவரித்தார். அதன்பின் அறுபது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாததால் அழிந்ததாகவே கருதப்பட்டது. 2002இல் ஒருகணம் தென்பட்டது; 2010இல் அதன் முதல் நிழற்படங்கள் வெளியாயின.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் இதைச் சேர்த்தது. ஆயினும் இதற்கென்று ஒரு சரணாலயம் அமைய 2022 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் தமிழ்நாடு அரசு அறிவித்த கடவூர் சரணாலயமே நாட்டில் தேவாங்குக்கான முதல் சரணாலயம். புலியும் யானையும் உள்ள மழைக்காடு அன்று அது; முள்மரங்கள் நிறைந்த வறண்ட காடு. பயனற்ற புதர் என்று பலரும் ஒதுக்கும் அத்தகைய நிலமே தேவாங்குக்கு உகந்தது. சரணாலய எல்லைக்கு வெளியேயும், விளைநிலங்களை ஒட்டிய மரங்களிலும் உயிர்வேலிகளிலும் இவை வாழ்கின்றன. வேலி வெட்டப்பட்டால் கிளைவழி அறுபடுகிறது. தரையிறங்கிச் சாலையைக் கடக்கும் தேவாங்கு வாகனத்தில் அடிபடுகிறது.