இயந்திர எண்ணும் வரலாற்றுச் சான்றும்

1930ஆம் ஆண்டு நவம்பர் 6ஆந் திகதி, அயர்லாந்தின் கோர்க் நகரை அடுத்த நெடுஞ்சாலையில், ஜோ றைற் என்பார் மணிக்கு 150 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் மோட்டார்ச் சைக்கிள் செலுத்தி உலக சாதனை நிலைநாட்டினார். சாதனை ஓ. ஈ. சி. வண்டியின் பெயரிற் பதிவாயிற்று; இலண்டன் ஒலிம்பியாக் கண்காட்சியில் வைக்கப்பட்டதும் அவ்வண்டியே. உண்மையில் அது அன்று பழுதுற்றிருந்தது. றைற் செலுத்தியது துணைக்கெனக் கொண்டுசெல்லப்பட்ட செனித் வண்டியை. இரண்டிலும் பொருத்தப்பட்டிருந்தவை ஜே. ஏ. பி. இயந்திரங்களே.

இத்தகைய மயக்கத்திற்கு அக்காலத் தொழின்முறை இடமளித்தது. வட இலண்டனின் ரொற்றன்ஹாமில் ஜோன் அல்பிரட் பிறெஸ்ற்விச் நிறுவிய தொழிற்சாலை, தான் செய்த இயந்திரங்களைப் பிற வண்டி உற்பத்தியாளர் பலருக்கு விற்றது. (ஆரம்பகாலத் திரைப்படக் கருவிகளையும் ஆக்கியவர் இவர் என்பது பலர் அறியாத செய்தி.) எனவே எரிபொருட்டாங்கியில் எழுதப்பட்ட பெயரைக் கொண்டு உள்ளிருக்கும் இயந்திரத்தின் வரலாற்றைத் துணிதல் இயலாது.

துணைபுரிவது கிராங்குப் பெட்டியிற் பொறிக்கப்பட்ட எண்ணும் எழுத்துமாம். 1920 முதல் 1928 வரையான ஒன்பது ஆண்டுகளையும் குறிக்க, 'நியூமற்றிக்' என்னும் ஆங்கிலச் சொல்லின் ஒன்பது எழுத்துகள் முறையே வழங்கப்பட்டன: 'பி' 1920, 'என்' 1921, இறுதியாகச் 'சி' 1928. எவ்வெழுத்தும் இருமுறை வாராத சொல்லாதலின் அது பொருத்தமான தெரிவே. ஆயினும் இடமறிந்து படித்தல் வேண்டும். மாதிரியைக் குறிக்கும் எழுத்துகளிடையே வரும் 'ரி' இரட்டை உருளையைச் சுட்டும். ஆண்டெழுத்தாக வரும் 'ரி' 1926ஐச் சுட்டும். இவ்வேறுபாட்டை உணராதார் கூறும் காலக்கணிப்பு பிழைபடும்.

எண்ணை மட்டும் நம்புதலுந் தகாது. அது கிராங்குப் பெட்டிக்கே சான்று. உருளையும் தலைப்பகுதியும் பின்னர் மாற்றப்பட்டிருக்கலாம். ஆதலால் அளவுகோலை நாடவேண்டியுள்ளது. 80 மில்லிமீற்றர் துளைவிட்டமும் 99 மில்லிமீற்றர் வீச்சும் உடைய ஒற்றை உருளையின் கொள்ளளவு ஏறத்தாழ 498 கன சென்ரிமீற்றர். தேய்ந்த உருளையை மீளக் கடைந்து பெரிய முசலம் இடுவது வழக்கமாதலால் துளைவிட்டம் கூடியிருத்தல் இயல்பு. வீச்சோ கிராங்கின் அமைப்பால் நிருணயிக்கப்படுவது. உருளையைக் கடைவதால் அது மாறாது. இரண்டனுள் வீச்சே நம்பத்தகுந்த சாட்சி.

மீளமைப்போரின் செயலே பெருங்கவலைக்குரியது. மணல் வீசித் துப்புரவாக்குதலும் அரத்தால் மெருகிடுதலும் அலுமினியத்தின் மேற்பரப்பைக் குறைத்து, எழுத்துகளின் விளிம்பை மழுக்கிவிடும். மழுங்கிய எழுத்தைப் புதிதாகப் பொறிப்பவர் தாம் செய்வது திருத்தமெனக் கருதலாம். ஆய்வாளனுக்கு அது மூலத்தை அழித்துப் பாடத்தைப் புகுத்துவதாகும். 1919க்கும் 1940க்கும் இடையில் ஏறத்தாழ 3,000 வண்டிகளே ஆக்கப்பட்ட பிறஃப் சுப்பீரியர் போன்றவற்றில், மூல இயந்திரம் உண்டா இல்லையா என்பது விலையைப் பெரிதும் வேறுபடுத்தும். ஆகவே போலிக்குத் தூண்டுதலும் மிகுதி. புதிதாக வார்க்கப்பட்ட கிராங்குப் பெட்டிகள் இன்று கிடைக்கின்றன. அவற்றிற் பழைய எண்ணைப் பொறித்தால் ஓரெண்ணுக்கு இரண்டு இயந்திரங்கள் உரிமைகோரும்.

கல்வெட்டாய்வாளர் மைப்படி எடுக்கும் முறை இங்கும் பயன்படும். மண்ணெண்ணெயும் மென்தூரிகையும் கொண்டு அழுக்கு நீக்கிய பின்னர், வேறெக்கருவியும் தீண்டுமுன், மெல்லிய தாளை எண்ணின்மீது வைத்துப் பென்சிலாலே தேய்த்துப் படியெடுத்தல் வேண்டும்.