வீட்டு மொழியும் மேடை மொழியும்: கைலாசம் நாடகங்களை ஏற்றோர் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

நாடக வரலாறு எழுதுவோர் ஆக்கியோனையும் ஆக்கத்தையும் முதன்மையாகக் கொள்வது வழக்கம். அந்நாடகத்தைக் கண்டோரும் பின்னர் நூலாகப் படித்தோரும் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்னும் செய்தி பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். ஆயினும் ஒரு நாடகத்தின் வாழ்வு அதனை ஏற்போரிடமே உள்ளது. குறிப்பாக, தம் ஊரையும் தம் வீட்டையும் தம் பேச்சையும் மேடையில் காணும்போது மக்கள் எதனை ஏற்கின்றனர், எதனை மறுக்கின்றனர் என்பது அச்சமூகத்தின் மொழி பற்றிய எண்ணங்களை வெளிப்படுத்தும்.

பெங்களூரில் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த டி. பி. கைலாசம் கன்னடத்தில் இயற்றிய சமூக நாடகங்கள் இவ்வகை ஆய்வுக்கு உரிய சான்றாகும். அவற்றை யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் நாடகங்களோடு ஒப்பிட்டு, எதிர்ப்பின் வேர் எங்குள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பேச்சுமொழி மேடை ஏறியதே எதிர்ப்புக்குக் காரணம் என்பது பொதுவான கருத்து. அது முழுமையான விளக்கம் ஆகாது. அப்பேச்சுமொழி யாருடைய வாயில் வைக்கப்பட்டது என்பதே உண்மையான காரணம் என்பதை இங்கு நிறுவ முயல்கிறோம்.

மேடையில் மொழிப் பங்கீடு

இந்திய நாடக மரபில் பேச்சுமொழி என்றும் மேடைக்குப் புறம்பானதாக இருந்ததில்லை. வடமொழி நாடகங்களில் அரசனும் அந்தணரும் சமஸ்கிருதம் பேச, பெண்டிரில் பலரும் ஏவலரும் விதூடகனும் பிராகிருதம் பேசினர். ஒரே காட்சியில் இரு மொழிகள் ஒலித்தன. அரசன் ஏவலனின் மொழியைப் புரிந்துகொண்டான். ஏவலனும் அரசனின் மொழியைப் புரிந்துகொண்டான். ஆயினும் ஒருவர் மொழியை மற்றவர் பேசவில்லை.

தமிழ்த் தெருக்கூத்திலும் இப்பங்கீட்டைக் காணலாம். வேடம் தரித்த அரசர் பாட்டாலும் செந்நடை வசனத்தாலும் தம்மை வெளிப்படுத்துவர். கட்டியக்காரனோ அவ்வூர் மக்கள் பேசும் மொழியிலேயே பேசுவான். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) ஒழுங்குபடுத்திய நாடக மரபிலும் தலைமை மாந்தர் பாடலும் உயர்நடை வசனமும் கொள்ள, பபூன் மக்கள் மொழியில் பேசினான்.

1891ஆம் ஆண்டு தமிழ் நாடக வரலாற்றில் இரு வேறு போக்குகளின் தொடக்கமாக அமைந்தது. அவ்வாண்டில் பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் செய்யுள் வடிவில் வெளிவந்து, பெரிதும் படிப்பதற்குரிய நாடகமாக நிலைபெற்றது. அதே ஆண்டில் பெல்லாரி கிருஷ்ணமாச்சாரியார் குழுவினரின் தெலுங்கு நாடகங்களைச் சென்னையில் கண்டு ஊக்கம் பெற்ற பம்மல் சம்பந்த முதலியார், நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அவர் உரைநடையை மேடைக்குரியதாக்கினார். அவருடைய சபாபதி நாடகத்தில் எசமானுக்கும் வேலையாளுக்கும் பெயர் ஒன்றே. வேலையாளின் பேச்சு சென்னைப் பேச்சு. 1941இல் அது திரைப்படமானபோதும் அப்பேச்சு பெரும் நகைப்பை விளைவித்தது. அதனை மொழிக்கு நேர்ந்த கேடு என எவரும் பெரிதாகக் கருதவில்லை. வேலையாள் அவ்வாறு பேசுவது மரபு ஒப்பியதே. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு பெங்களூருக்கு வருவோம்.

கைலாசமும் நடுத்தரக் குடும்பமும்

கைலாசத்தின் தந்தையார் பரமசிவ ஐயர் மைசூர் அரசின் நீதித்துறையில் உயர்பதவி வகித்தவர். கைலாசம் சென்னையில் பயின்றபின் இலண்டன் சென்று நிலவியல் கற்றார். திரும்பியபின் மைசூர் அரசின் நிலவியல் துறையில் பணியாற்றி, பின்னர் அப்பணியைத் துறந்து நாடகத்திலேயே ஈடுபட்டார். வீட்டில் தமிழ் வழங்கிய குடும்பத்திலிருந்து வந்து கன்னட இலக்கியத்தில் பெருமிடம் பெற்றவர் இவர் ஒருவர் மட்டும் அல்லர். 1983ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு பெற்ற மாஸ்தி வேங்கடேச ஐயங்காரும் அத்தகையவரே.

கைலாசத்தின் டொள்ளு கட்டி 1918ஆம் ஆண்டளவில் தோன்றியது. இத்தலைப்பின் இரு சொற்களும் தமிழின் தொள்ளை, கெட்டி ஆகிய சொற்களை நினைவூட்டுவன. உள்ளீடற்றதும் உறுதியானதும் என்பது பொருள். ஒரு வீட்டில் இரு மக்கள். ஒருவன் பாடத்தை உருப்போட்டுத் தேர்வில் வெல்பவன். பெற்றோரின் பெருமைக்கு உரியவன். மற்றவன் தேர்வில் தோற்பவன். ஆயின் வீட்டுக்கு இடுக்கண் நேரும்போது துணை நிற்பவன். எவன் டொள்ளு, எவன் கட்டி என்பதே நாடகம். புராண மாந்தரோ மன்னரோ இதில் இல்லை. அரண்மனைத் திரைச்சீலையும் இல்லை. 1898ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின் விரிவடைந்த பெங்களூரின் புதிய குடியிருப்புகளில், குமாஸ்தாக்களும் வக்கீல்களும் பள்ளி மாணவரும் ஒருவரையொருவர் அறிந்து வாழ்ந்த சிறு சுற்றமே இந்நாடகங்களின் உலகம். ஹோம் ரூலு, பஹிஷ்கார, போலி கிட்டி முதலிய பிற நாடகங்களும் இவ்வுலகைச் சேர்ந்தவை.

இம்மாந்தர் தம் வீட்டில் பேசியவாறே மேடையில் பேசினர். ஆங்கிலம் கற்ற ஆடவர் பேச்சில் கன்னட வினையும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லும் பின்னிக் கிடந்தன. மூத்த பெண்டிர் பேச்சில் பழைய மைசூர்ப் பிராமணக் குடும்பங்களின் கன்னடம் அப்படியே ஒலித்தது. ஒருவர் பேச்சைக் கேட்டே அவருடைய வயது, கல்வி, வீட்டில் அவர் பெற்றிருந்த மதிப்பு ஆகியவற்றை அறிய முடிந்தது.

கண்டோரும் படித்தோரும்

இந்நாடகங்களுக்குக் கிடைத்த எதிர்வினையை இரு பிரிவாகக் காண வேண்டும். மேடையில் கண்டோர் பெரிதும் மகிழ்ந்தனர். தம் வீட்டுத் தந்தையையும் அண்டை வீட்டு வக்கீலையும் மேடையில் கண்டு நகைத்தனர். கைலாசம் நகைச்சுவையாளர் என்னும் புகழைப் பெற்றார். இப்புகழே அவருக்குத் தடையாகவும் அமைந்தது. பருவமெய்திய மகளுக்கு உரிய காலத்தில் மணம் முடிக்காத தந்தையைச் சமூகம் விலக்கிவைக்கும் கொடுமையைப் பேசுவது பஹிஷ்கார. அதனை எழுதியவரையும் சிரிக்கவைப்பவராக மட்டுமே பலர் நினைவில் வைத்தனர்.

படித்தோரின் எதிர்வினை வேறு. கைலாசம் தம் கையால் எழுதுவதைக் காட்டிலும், தாம் சொல்ல நண்பர்கள் எழுதிக்கொள்வதையே பெரிதும் விரும்பியவர். ஆதலின் அச்சில் வந்த பாடம் செவியால் கேட்ட பேச்சின் பதிவாகும். செவிக்கு இயல்பாக இருந்த அது கண்ணுக்குப் பிழையாகத் தோன்றியது. இதனைத் தமிழ் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ‘போயிட்டு வரேன்’ என்பதை நாள்தோறும் சொல்லுகிறோம், கேட்கிறோம். அதனை அச்சில் காணும்போது ‘போய்விட்டு வருகிறேன்’ என்பதன் சிதைவாகவே எண்ணுகிறோம். ‘அவன்’ என்னும் சொல்லின் ஈற்று னகரம் பேச்சில் மூக்கொலி உயிராக மாறுவதைக் காட்ட நம் எழுத்து முறையில் தனிக்குறியே இல்லை. எழுத்து, பேச்சைக் காட்டும் கருவியாக மட்டும் இல்லாமல் பேச்சுக்கு நீதிபதியாகவும் அமர்ந்துவிடுகிறது.

கைலாசத்தின் மொழி கலப்பு மொழி என்றும், ஆங்கிலம் மிகுந்த இந்நடை காலத்தால் நிலைக்காது என்றும், ஒரு வட்டாரத்தின் ஒரு சாதியின் பேச்சு மட்டுமே இதில் உள்ளது என்றும் குறைகள் எழுந்தன. இவற்றுள் மூன்றாவது குறை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பழைய மைசூர்ப் பேச்சு வடகன்னட வாசகர்க்கு அயலானது; பிற சாதியினர் வீடுகள் இந்நாடகங்களின் மையத்தில் இடம்பெறவில்லை. எனினும் இக்குறை கூறியோர் அனைவரும் பிற வீட்டு மொழிகளையும் மேடையேற்ற வேண்டும் என்று கோரினரா என்பது கேட்கத்தக்க வினா. பொது மொழி ஒன்றுக்குத் திரும்புமாறு கேட்பதும், மேலும் பல பேச்சுகளைக் கொணருமாறு கேட்பதும் ஒன்றல்ல.

கைலாசமும் பழைய மொழிப் பங்கீட்டிலிருந்து முற்றும் விடுபடவில்லை என்பது கருதத்தக்கது. ஏகலைவன், கர்ணன் முதலிய இதிகாச மாந்தரைப் பற்றிய நாடகங்களை அவர் ஆங்கிலத்தில், அதுவும் வழக்கில் இல்லாத உயர்நடையில் இயற்றினார். இதிகாச மாந்தர்க்கு அன்றாடப் பேச்சிலிருந்து விலகிய ஒரு மொழி வேண்டும் என அவர் கருதியதே இதற்குக் காரணம் எனத் திறனாய்வாளர் கூறுவர். குடும்பத் தலைவனுக்கு வீட்டு மொழி, வீரனுக்குத் தொலைவின் மொழி என்பது அவர் வகுத்துக்கொண்ட எல்லை. வடமொழி நாடகத்தின் இருமொழிப் பங்கீடு புதிய உருவில் இங்கே மீண்டும் தோன்றுகிறது.

1945இல் சென்னையில் நடைபெற்ற கன்னட சாகித்திய சம்மேளனத்துக்குக் கைலாசம் தலைமை தாங்கினார். அடுத்த ஆண்டே மறைந்தார். கலப்பு மொழி எழுதியவர் எனக் குறை கூறப்பட்டவரை அம்மொழியின் பேரவையே தலைமைக்கு அழைத்தது, ஏற்பின் வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம். அம்மதிப்பு வந்து சேரக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

யாழ்ப்பாணச் சான்று

ஏறத்தாழ இதே காலத்தில் ஈழத்திலும் இவ்வரலாறு நிகழ்ந்தது. இலண்டனில் மொழியியல் ஆய்வு செய்து திரும்பிய க. கணபதிப்பிள்ளை (1903–1968), யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் நாடகங்கள் இயற்றினார். அவற்றுள் நான்கு 1940இல் நானாடகம் என்னும் நூலாக வெளிவந்தன. உடையார் மிடுக்கு என்பது அவற்றுள் ஒன்று. உடையார் என்பவர் அந்நியர் ஆட்சியில் ஊரதிகாரம் பெற்றிருந்த பெருமகன். அவருடைய செருக்கை அவர் ஊர்ப் பேச்சாலேயே அந்நாடகம் காட்டியது. உலகியலைக் காட்டும் நாடகத்தில் வீட்டிலும் தெருவிலும் பேசுவதுபோலவே மாந்தர் பேச வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

ஏழாம், எட்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்த அறிஞர் ஒருவர் பேச்சுத் தமிழைக் கையாண்டதால், அதனை அறியாமை என ஒதுக்க இயலவில்லை. ஆயினும் 1960களின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்தாளர் படைப்புகளில் மக்கள் பேச்சு பரவலாக இடம்பெற்றபோது, ‘இழிசனர் வழக்கு’ என்னும் பழஞ்சொல்லைக் கொண்டு மரபுவாதிகள் அதனைத் தாக்கினர். அப்பூசலில் இலக்கணத்தோடு சாதியும் கலந்திருந்தது. ஒடுக்கப்பட்டோர் தம் பேச்சோடு கதையின் நடுவில் வந்து நின்றதே எதிர்ப்பைக் கூர்மையாக்கியது. இது நம் கருத்துக்கு வலுவான சான்று. அதே பேச்சு பபூனிடம் இருந்தவரை எவரும் இழிவு எனப் பூசலிடவில்லை, நகைத்தனர்.

இரட்டை வழக்கும் எதிர்வினையும்

இவ்விடத்தில் ஓர் அயல்நாட்டு நாடகத்தை ஒப்பிடுவது பயனுடையது. தார்ன்டன் வைல்டரின் ‘நமது ஊர்’ 1938இல் மேடையேறியது. அமெரிக்காவின் ஒரு சிற்றூரில் பிறப்பு, மணம், இறப்பு ஆகியன நிகழும் எளிய வாழ்வை, காட்சித் திரைகளும் பெரும் மேடைப் பொருள்களும் இல்லாமல் அது காட்டியது. பாஸ்டன் நகரில் தொடக்கத்தில் வரவேற்பு குன்றியிருந்தது. பின்னர் நியூயார்க்கில் நிலைபெற்று அவ்வாண்டே புலிட்சர் பரிசைப் பெற்றது. அதனை ஏற்கத் தயங்கியோரின் குறை, வெறும் மேடை பற்றியும் பெரிதாக எதுவும் நிகழவில்லை என்பது பற்றியும் ஆகும். மாந்தர் பேச்சு அங்குப் பெரும் சிக்கலாகவில்லை.

காரணம் தெளிவு. அவ்வூர்ப் பேச்சுக்கும் அச்சு மொழிக்கும் இடையே பெரும் பிளவு இல்லை. தமிழும் கன்னடமும் இரட்டை வழக்கு உடையவை. இங்குச் சிற்றூர் வாழ்வைக் காட்டும் நாடகம் வாழ்வைக் காட்டும் முன்னரே மொழிச் சோதனைக்கு உட்படுகிறது. அச்சோதனையிலேயே வாசகரின் கவனம் தேங்கிவிடுவதால், உள்ளே உள்ள சிக்கல் காலம் தாழ்த்தியே கண்ணில் படுகிறது. பஹிஷ்கார பேசிய கொடுமை நகைப்புக்குப் பின்னால் மறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

ஆஸ்டின் டவுனிலிருந்து நோக்குகையில்

கைலாசம் காட்டிய பெங்களூர், நகரின் ஒரு பாதி மட்டுமே. 1809இல் அமைந்த படைக்குடியிருப்பு, 1881இல் மைசூர் அரசு மன்னரிடம் திரும்பியபோதும் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1947இல்தான் மைசூரிடம் சேர்ந்தது. 1949இல் இரு பாதிகளும் ஒரே மாநகராட்சி ஆயின. ஆஸ்டின் டவுன் அப்படைக்குடியிருப்பின் பகுதியைச் சேர்ந்தது. படையோடும் பணியோடும் வந்து குடியேறிய தமிழரில் பலர் வட ஆர்க்காட்டுப் பக்கத்தவர். அதாவது கட்டியக்காரனின் நாட்டினர். தமிழோடு கன்னடமும் உருதும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்த ஒரு பேச்சு இப்பகுதி வீடுகளில் வளர்ந்தது.

ஆஸ்டின் டவுனுக்கு இன்று எஃப். கிட்டல் நகர் என்னும் பெயரும் உண்டு. 1894இல் வெளிவந்த கன்னட–ஆங்கில அகராதியைத் தொகுத்த ஃபெர்டினாண்ட் கிட்டலின் நினைவாக அமைந்தது அப்பெயர். கன்னடச் சொற்களோடு தமிழ் முதலிய இனமொழிச் சொற்களையும் ஒப்பிட்டுக் காட்டியவர் அவர். அத்தகைய அறிஞரின் பெயர் தாங்கிய பகுதியில் வழங்கும் தமிழைக் கலப்பு என்று மட்டும் சொல்லி அமைவது பொருந்துமா? கலப்பு என்பது ஒரு விளக்கம், தீர்ப்பு அன்று. எச்சொல் எவ்வீட்டில் யாரால் எவ்வயதில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதை அப்பேச்சு தன்னுள் கொண்டுள்ளது. இப்பேச்சைப் பேசும் மூத்தோர் மறையும்போது, எழுத்தில் ஏறாத அவ்வரலாறும் அவர்களோடு மறையும். கைலாசம் பதிந்திராவிடில் அக்காலப் பெங்களூர் வீடுகளின் உரையாடலை நாம் இவ்வளவு நெருக்கமாக அறிந்திருக்க இயலாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகளைப் பெறுகிறோம். பேச்சுமொழி நம் மேடைக்குப் புதியதன்று. விதூடகனும் கட்டியக்காரனும் பபூனும் அதனை நெடுங்காலம் பேசினர். அதனைக் குடும்பத் தலைவருக்கும் தாய்க்கும் ஊர்ப் பெரியவருக்கும் உரிமையாக்கியபோதே எதிர்ப்பு எழுந்தது. கண்டோர் எளிதில் ஏற்க, படித்தோர் தயங்கினர். இத்தயக்கத்தில் எழுத்து முறையின் பங்கு பெரிது. கலப்பு மொழி என்னும் குறை எழும்போதெல்லாம், அம்மொழியைப் பேசும் மாந்தர் மேடையின் எவ்விடத்தில் நிற்கின்றனர் என்பதையும் உடன் ஆராய்தல் வேண்டும். ஆஸ்டின் டவுன் போன்ற பகுதிகளின் வீட்டுத் தமிழைப் பதிவு செய்வோர், அதனை நகைச்சுவைத் துணுக்காக மட்டும் கொள்ளாமல், துயரமும் சினமும் அறிவுரையும் சொல்லும் மொழியாகவும் பதிவார்களாயின், கைலாசம் தொடங்கிய பணி தமிழிலும் தொடரும்.