குழந்தைச் சாட்சி: வயதா, கேள்வியா?

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் பெரும்பாலும் வேறு யாரும் பார்க்காத இடத்தில்தான் நடக்கின்றன. உடலில் தடயமே இல்லாத வழக்குகள் ஏராளம். அவற்றில் மிஞ்சுவது குழந்தையின் வாய்ச்சொல் மட்டுமே. அதை எந்த அளவுக்கு நம்புவது என்று நீதிமன்றங்கள் சுமார் இரண்டரை நூற்றாண்டாகத் திணறி வந்திருக்கின்றன. அந்த வரலாற்றில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: சட்டம் நெடுங்காலம் சந்தேகப்பட்டது குழந்தையின் வயதை, சந்தேகப்பட்டிருக்க வேண்டியது பெரியவர்கள் கேள்வி கேட்ட விதத்தை.

1779இல் இங்கிலாந்தில் பிரேசியர் வழக்கு நடந்தது. ஏழு வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமி, நடந்ததை வீட்டுக்கு வந்ததும் தாயிடம் சொல்லியிருந்தாள். சிறுமி பேசாமலே, தாய் வந்து அதைச் சொன்னதை வைத்துத் தண்டனை அளிக்கப்பட்டது. அது செல்லாது என்றனர் பன்னிரண்டு நீதிபதிகள். சத்தியப்பிரமாணத்தின் பொருள் தெரிந்தால் எந்த வயதுக் குழந்தையும் சாட்சி சொல்லலாம், தெரியாவிட்டால் அதன் சொல்லுக்கு இடமில்லை என்றார்கள். 1933இல் அங்கே பிரமாணம் இல்லாமலும் சிறுவர்கள் சாட்சி சொல்லச் சட்டம் வழிவிட்டது. ஆனால் வேறு ஆதாரம் துணை நிற்காவிட்டால் தண்டிக்க முடியாது என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. அது நீங்க 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 118ஆவது பிரிவு வயது வரம்பு எதையும் வைக்கவில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவுக்குப் பொருந்தப் பதில் சொல்ல முடிந்தால் போதும். ஆனாலும் நடைமுறையில் பழைய தயக்கம் நீடித்தது. ராஜஸ்தானில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில், அவளுக்குப் பிரமாணத்தின் புனிதம் தெரியவில்லை என்று குறித்துவிட்டு, பிரமாணம் செய்விக்காமலே சாட்சியத்தைப் பதிவு செய்தார் விசாரணை நீதிபதி. அவர் அளித்த தண்டனையை, துணை ஆதாரம் போதாது என்று மேல்முறையீட்டில் செஷன்ஸ் நீதிபதி ரத்து செய்தார். உயர் நீதிமன்றம் தண்டனையை மீண்டும் நிலைநாட்டியது. 1951 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ் இரண்டு முடிவுகளைச் சொன்னார். பிரமாணம் விடுபட்டதால் சாட்சியம் செல்லாமல் போகாது. துணை ஆதாரம் தேடுவது முன்னெச்சரிக்கைதானே தவிர, மீறக்கூடாத சட்ட விதி அல்ல. சம்பவம் நடந்த சில மணி நேரத்தில் சிறுமி தாயிடம் சொன்னதையே துணை ஆதாரமாக அவர் ஏற்றார். உண்மை பேச வேண்டும் என்பது குழந்தைக்குத் தெரிகிறதா, அப்படிக் கருதக் காரணம் என்ன என்பதை நீதிபதிகள் எழுதிவைப்பது நல்லது என்றும் அறிவுறுத்தினார்.

‘சொல்லிக்கொடுத்தால் குழந்தை எதையும் சொல்லிவிடுமே’ என்பது வலுவான ஆட்சேபம். அதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு 1983இல் தொடங்கி 1990 வரை இழுத்தடித்து, ஒருவர்கூடத் தண்டிக்கப்படாமல் முடிந்தது. எதிர்பார்த்த பதில் வரும்வரை குழந்தைகளைத் தூண்டித் தூண்டிக் கேட்ட பேட்டிகள் அங்கே கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின. பிழை பெரியவர்களின் கேள்வியில் இருந்தது. அதே பிழை எதிர்த்திசையிலும் நேரும்: மிரட்டும் குறுக்கு விசாரணையில் உண்மை சொன்ன குழந்தையும் தடுமாறும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க இந்தியா இயற்றிய போக்சோ சட்டம் இதை உணர்ந்திருக்கிறது. 33ஆவது பிரிவின்படி இரு தரப்பு வழக்கறிஞர்களும் கேள்விகளை நீதிபதியிடம் தர வேண்டும். அவரே குழந்தையிடம் கேட்பார். அதே சட்டத்தின் 29ஆவது பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவர் அதைச் செய்ததாகவே அனுமானிக்கச் சொல்கிறது. அது நிரபராதியைச் சிக்கவைக்கும் என்ற அச்சமும் நியாயமானதே. அதனால்தான், அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்தாக வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் வலியுறுத்துகின்றன. அப்படி நிரூபிக்கவும் நம்பகமாகப் பெற்ற வாக்குமூலம்தான் தேவை.

ஆனாலும் ஒரு குறை நீடிக்கிறது. செஷன்ஸ் விசாரணையில் சாட்சியத்தைத் தொடர் உரையாக எழுதுவதே வழக்கம். கேள்வி மறைந்து பதில் மட்டும் பதிவில் நிற்கும்போது, குழந்தை தானாகச் சொன்னது எது, ‘ஆமாம்’ என்று மட்டும் தலையாட்டியது எது என்பது மேல்முறையீட்டு நீதிபதிக்குத் தெரிய வழியில்லை. கேள்வி பதிலாகவே பதிவு செய்யும் அதிகாரத்தைச் சட்டம் நீதிபதிக்குத் தந்திருக்கிறது. குழந்தைச் சாட்சிகளுக்கு அதைக் கட்டாய நடைமுறையாக்க வேண்டும். உண்மை சொன்ன குழந்தைக்கும், பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அது ஒரே நேரத்தில் காப்பாகும்.