எஞ்சின் மாறிய ஜீப்: இந்தியப் பட்டறைகளின் வரலாற்றில் ஒரு பகுதி

அமெரிக்கப் படைத்துறை 1940-ஆம் ஆண்டு கோடையில் 135 நிறுவனங்களுக்கு ஓர் அழைப்பு அனுப்பியது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லக்கூடிய இலகுவான வேவு வண்டி ஒன்றின் மாதிரியை 49 நாட்களில் செய்து தர வேண்டும் என்று அது கேட்டிருந்தது. அந்தக் கெடுவுக்குள் வேலையை முடித்தது பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரில் இயங்கிய அமெரிக்கன் பான்டம் என்ற சிறிய நிறுவனம். கார்ல் ப்ரோப்ஸ்ட் என்ற பொறியாளர் வரைந்து கொடுத்த அந்த வண்டி, செப்டம்பர் 23 அன்று மேரிலாந்தின் ஹோலாபர்ட் முகாமை அடைந்தது. போர்க்காலத் தேவைக்கு ஈடுகொடுக்க அச்சிறிய ஆலையால் முடியாது என்று கருதிய படைத்துறை, பான்டமின் வடிவமைப்பை வில்லிஸ்-ஓவர்லாண்ட், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் அறியச் செய்து, 1941-இல் வில்லிஸின் மாதிரியைத் தர வடிவமாக ஏற்று, பின்னர் அதே வடிவத்தை ஃபோர்டும் செய்யும்படி ஏற்பாடு செய்தது. போர் முடிவதற்குள் இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. ஒன்றின் பாகம் மற்றொன்றில் பொருந்த வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் உயிர்நாடியாக இருந்ததால், களத்தில் பழுது பார்க்கப்பட்ட ஒரு ஜீப்பில் வில்லிஸின் எஞ்சினும் ஃபோர்டின் அச்சும் சேர்ந்து ஓடுவது சாதாரணமாயிற்று. ஆகவே, முழுவதும் அசலான ஜீப் என்ற கருத்து அந்த வண்டி பிறந்த சில ஆண்டுகளிலேயே ஐயத்துக்குரியதாகிவிட்டது எனலாம்.

இந்தியாவில் பழைய ஜீப்புகளை மீட்டெடுத்து அன்றாட ஓட்டத்துக்கு ஏற்றபடி மாற்றும் தொழிலின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்தத் தொடக்கம் உதவும். பழுது பார்ப்பது, பழைய நிலைக்குக் கொண்டுவருவது, வேறொன்றாக மாற்றுவது ஆகிய மூன்றும் தனித்தனி வேலைகள் என்ற எண்ணம் இத்தொழிலில் மிகப் பிந்தியே நுழைந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், மாற்றப்பட்டதனாலேயே ஜீப்புகள் பிழைத்தன. மாற்றப்படாதவற்றில் பெரும்பகுதி பழைய இரும்புக்குப் போயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது அசாம், வங்காளம், பர்மா முனைகளில் ஓடிய ஜீப்புகளில் ஒரு பகுதி, போர் முடிந்தபின் உபரிப் பொருளாக விற்கப்பட்டுத் தனியார் கைக்கு வந்தது. எஃகு வணிகத்துக்காக 1945-இல் மகிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் தொடங்கி, பிரிவினைக்குப் பின் 1948-இல் மகிந்திரா அண்ட் மகிந்திரா எனப் பெயர் மாறிய நிறுவனம், 1947-இல் பிரித்து அனுப்பப்பட்ட பாகங்களைக் கொண்டு முதல் தொகுதியாக 75 ஜீப்புகளைப் பூட்டியது. அதே காலத்தில் காசுமீர்ப் போருக்காக இலண்டனிலிருந்து ஜீப் வாங்க முயன்ற அரசு, புதிய வண்டிகள் கிடைக்காத நிலையில், பழையனவற்றைச் சீர்செய்து தர ஒப்புக்கொண்ட நிறுவனத்தோடு 1948-இல் ஒப்பந்தம் செய்தது. அப்போது அங்கு இந்திய உயர் ஆணையராக இருந்தவர் வி.கே. கிருஷ்ண மேனன். இரண்டாயிரம் ஜீப்புகளுக்குப் பேசப்பட்டிருந்தும் வந்து சேர்ந்தவை 155 மட்டுமே. அவையும் பயன்பாட்டுக்கு உதவாதவை என்று இராணுவம் ஒதுக்கிவிட்டது. 1955-இல் அரசு முடித்துவைத்த அந்த விவகாரம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஊழல் குற்றச்சாட்டு என்றே அரசியல் நூல்களில் பேசப்படுகிறது. தொழில் வரலாற்றின் கண்ணோடு பார்த்தால் அதில் வேறொரு செய்தியும் உண்டு: சீர்செய்த ஜீப் என்றால் எந்த அளவுக்குச் சீர்செய்தது, அதை எப்படிச் சோதிப்பது என்ற கேள்வி, இந்தியப் பட்டறைகள் அவ்வேலையில் இறங்குவதற்கு முன்பே நாடாளுமன்றத்தில் எழுந்துவிட்டது.

மகிந்திரா நெடுங்காலம் செய்துவந்தது, வில்லிஸ் 1953-இல் வெளியிட்ட சி.ஜே.-3பி என்ற மாதிரியின் வழி வந்த வண்டியாகும். அதன் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வுகள் தலைப்பகுதியிலும், புகை வெளியேறும் வால்வுகள் பக்கவாட்டிலும் அமைந்திருந்தன. தலையில் வால்வு ஏறியதால் எஞ்சின் உயரமாகி, அதை மூடும் பானட்டும் உயர்ந்தது. போர்க்கால ஜீப்பிலிருந்து இவ்வண்டியை எட்ட நின்றே பிரித்தறியச் செய்வது அந்த உயர்ந்த பானட்தான். ஸ்டியரிங் இடப்பக்கம் அமைந்த ஜீப்புகள் பலகாலம் இந்தியச் சாலைகளில் ஓடியதால், பின்னால் வருவோரை எச்சரிக்க அச்செய்தியை வண்டியின் பின்புறத்தில் எழுதிவைக்கும் வழக்கமும் இருந்தது.

இத்தொழிலின் திருப்புமுனை எரிபொருள் விலையில் வந்தது. 1973-லும் மீண்டும் 1979-லும் உலகச் சந்தையில் கச்சா எண்ணெயின் விலை பாய்ந்தபோது, போக்குவரத்துக்கும் வேளாண்மைக்கும் வேண்டியது என்பதால் டீசலின் விலையை அரசு தாழ்த்தியே வைத்திருந்தது. லிட்டருக்குச் சில கிலோமீட்டரே ஓடும் பெட்ரோல் ஜீப்பை வைத்திருந்த தோட்டக்காரருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இரண்டு வழிகளே இருந்தன: வண்டியை ஓரங்கட்டுவது, அல்லது எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றுவது. மகிந்திரா நிறுவனமே டிராக்டர் எஞ்சினின் வழி வந்த டீசல் எஞ்சினை ஜீப்பில் பொருத்தி விற்றது. 1979-இல் பிரெஞ்சு நிறுவனமான பெஜோவிடமிருந்து எக்ஸ்.டி.பி. 4.90 என்ற டீசல் எஞ்சினைச் செய்யும் உரிமத்தையும் பெற்றது. எம்.எம். 540 என்ற மாதிரியில் இடம்பெற்ற 2,112 கன செ.மீ. கொள்ளளவுள்ள அந்த எஞ்சின், பின்னர் எத்தனையோ பழைய பெட்ரோல் ஜீப்புகளின் பானட்டுக்குள்ளும் குடியேறிற்று. பஜாஜ் டெம்போவின் மேட்டடோர் வேனிலிருந்து கழற்றிய, மெர்சிடிஸ் பென்ஸ் வடிவமைப்பைக் கொண்ட எஞ்சினும் இவ்வாறே பயன்பட்டது.

எஞ்சின் மாற்றுவது என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது அந்த வேலைக்கு நியாயம் செய்வதாகாது. ஜீப்பின் அச்சில் உள்ள கிரௌன், பினியன் என்ற பல்சக்கர இணையின் விகிதம் 5.38, அதாவது எஞ்சினிலிருந்து வரும் தண்டு 5.38 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். உயர் கியரில் அத்தண்டு எஞ்சினின் வேகத்திலேயே சுழலுமாதலால், நிமிடத்துக்கு 4,000 சுற்று சுழலும் பெட்ரோல் எஞ்சினோடு இந்த விகிதம் கணக்குப்படி மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகம் தரும். டிராக்டர் இனத்து டீசல் எஞ்சின் 2,500 சுற்றிலேயே திணறத் தொடங்கும் என்பதால், அதே வண்டியின் வேகம் அறுபதைச் சற்றுத் தாண்டியதோடு நின்றுவிடும். மலைப்பாதையில் இது குறையாகத் தெரியாது; சமவெளியில் தினமும் ஓட்டுபவருக்குப் பொறுக்க முடியாத குறை. ஆகவே எஞ்சினை மாற்றிய கையோடு, விகிதம் குறைந்த பினியனைத் தேடுவதோ, ஐந்து வேகங்கள் கொண்ட கியர்பெட்டியைப் பொருத்துவதோ வேண்டியதாயிற்று.

புதிய எஞ்சினின் பின்முகம் பழைய கியர்பெட்டியின் வாயோடு பொருந்தாது என்பது அடுத்த சிக்கல். இரண்டுக்கும் இடையில் அடாப்டர் பிளேட் எனப்படும் தடித்த எஃகுத் தட்டை லேத்தில் கடைந்து வைப்பார்கள். எஞ்சினின் கிராங்க் தண்டும் கியர்பெட்டியின் தண்டும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். மயிரிழை விலகினாலும் கிளட்சும் பேரிங்கும் சில மாதங்களில் தேய்ந்து கூச்சலிடும். இப்பட்டறைகளின் திறமையை அளக்க வேறு எந்த அளவுகோலும் தேவையில்லை. இதற்கு அப்பால், டீசல் எஞ்சின் கனமானது என்பதால், எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய முன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டப்பட்டது. ஆறு வோல்ட் மின்னமைப்பு பன்னிரண்டு வோல்ட்டானது. பிரேக் விஷயம் இன்னும் நுட்பமானது: பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியில் அதன் த்ராட்டில் மூடி ஒரு வெற்றிடத்தை உண்டாக்குகிறது, மிதிக்கும் விசையைப் பெருக்கும் பிரேக் பூஸ்டர் அந்த வெற்றிடத்தைக் கொண்டே வேலை செய்கிறது. டீசல் எஞ்சினில் அத்தகைய மூடி இல்லாததால் வெற்றிடமும் இல்லை. ஆகவே பூஸ்டர் வேண்டுமானால் தனியே ஒரு வாக்குவம் பம்ப்பைச் சேர்த்தே ஆக வேண்டும். பழைய ஜீப்புக்குப் பூஸ்டரே கிடையாது என்பதால் பலர் இதைப் பொருட்படுத்தவில்லை. கனம் கூடிய வண்டியைப் பழைய டிரம் பிரேக்கால் நிறுத்திய அக்காலத்து ஓட்டுநர்களின் கால்வலிமையைப் பாராட்டலாமே தவிர, அந்த ஏற்பாட்டைப் பாராட்ட முடியாது.

இவ்வேலைக்கு ஊருக்கு ஊர் தனி இயல்பு அமைந்தது. அரியானாவின் சிர்சா மாவட்டத்தில், பஞ்சாப் எல்லையை ஒட்டிய மண்டி டப்வாலி என்ற சிறு நகரம், இராணுவம் கழித்து ஏலம் விட்ட வண்டிகளையும் பாகங்களையும் வாங்கி, வாங்குபவரின் விருப்பப்படி ஜீப் கட்டித் தரும் சந்தையாக வளர்ந்தது. ஜபல்பூரின் வாகனத் தொழிற்சாலை நிசான் நிறுவனத்தின் உரிமத்தோடு 1969 முதல் 1999 வரை இராணுவத்துக்காகச் செய்த ஜோங்கா என்ற வண்டியும் இவ்வாறு ஏலத்தின் வழியே வெளிவந்தது. அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஏறத்தாழ நான்கு லிட்டர் கொள்ளளவு கொண்டது. அரசுச் செலவில் ஓடியவரை அது குடித்த பெட்ரோல் யாருக்கும் உறைக்கவில்லை, தனியார் கைக்கு வந்ததும் முதலில் கழற்றப்பட்டது அந்த எஞ்சின்தான். தமிழ்நாட்டில், கழற்றிய பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டையும், கடைசல் வேலைக்குக் கோயம்புத்தூரின் லேத் பட்டறைகளும் பெயர் பெற்றிருந்தன.

தேனி மாவட்டத்தின் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நாள்தோறும் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற ஜீப்புகள் வேறொரு திசையில் மாறின. அவற்றுக்கு வேண்டியது இருக்கைகள். ஆகவே நீளம் கூடிய உடலும் எதிரெதிர் பலகைகளும் தார்ப்பாய்க் கூரையும் கொண்ட வண்டிகளே அங்கு மதிக்கப்பட்டன. அவற்றில் பல பின்சக்கர இழுவை மட்டுமே உடையவை என்பதைக் கவனிக்க வேண்டும். கரடுமுரடான தோட்டப் பாதைகளில் ஆண்டுக்கணக்கில் ஓடிய வண்டிகளுக்கு நான்கு சக்கர இழுவை இல்லை என்பதும், அந்த வசதியுள்ள எத்தனையோ ஜீப்புகள் இன்று நகரச் சாலையை விட்டு இறங்குவதில்லை என்பதும் இத்துறையின் வேடிக்கைகளில் ஒன்று.

டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்கு ஏறும் பாதையில் ஓடிய லேண்ட் ரோவர்கள் இதே கதையின் மற்றொரு கிளையாகும். பிரிட்டனின் ரோவர் நிறுவனம் 1948-இல் வெளியிட்ட அவ்வண்டியே, மாரிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் வைத்திருந்த உபரி ஜீப்பைப் பார்த்து உருவாக்கியதுதான்; எஃகுக்குக் கட்டுப்பாடு இருந்த காலமாதலால் அதன் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். துருப்பிடிக்காத அந்த உடல் மலையின் ஈரத்தைத் தாங்கி நின்றது. உள்ளே தேய்ந்துபோன எஞ்சின்களின் இடத்தில் இந்திய டீசல் எஞ்சின்கள் வந்தன.

நூற்றாண்டின் இறுதியில் ஜீப் உழைக்கும் வண்டி என்ற நிலையிலிருந்து விரும்பி வைத்திருக்கும் வண்டியாக மாறத் தொடங்கியபோது, பட்டறைகளுக்கு வந்த கோரிக்கைகளும் இரண்டாகப் பிரிந்தன. ஒரு சாரார் கழற்றி எறிந்த பெட்ரோல் எஞ்சினையும் பழைய விளக்குகளையும் மீண்டும் தேடினர். மற்றவர்கள், அலுவலகத்துக்கும் கடைக்கும் ஓட்டிச் செல்லும்படியாக, பொலிரோ போன்ற பிற்கால வண்டிகளின் டிஸ்க் பிரேக்கையும் பவர் ஸ்டியரிங்கையும் அதில் பொருத்தச் சொன்னார்கள். பழைய ஸ்டியரிங் பெட்டி தேய்ந்தால், குறிப்பிட்ட வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தவுடன் முன்சக்கரங்கள் இடமும் வலமும் உதறத் தொடங்கும் என்பதை அறிந்தவர்கள், இரண்டாம் சாராரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

சட்டம் இவ்விரு சாராரையும் வெவ்வேறு விதமாகப் பார்க்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. 2021-இல் வந்த விதிகள், முதற்பதிவு முடிந்து ஐம்பது ஆண்டுகள் கடந்து, பெரிய மாற்றமின்றிப் பேணப்பட்ட வண்டிகளைப் பழம்பெருமை வாகனங்களாகப் பதிவு செய்ய இடமளிக்கின்றன. ஆனால் அவற்றை அன்றாடம் ஓட்டக் கூடாது. 1980-களில் டீசலுக்கு மாறி, அதனாலேயே இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் ஜீப்புக்கு இந்த இரண்டு ஏற்பாடுகளிலும் எளிதில் இடமில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளைத் தடுத்து 2015-இல் பிறப்பித்த ஆணை, ஒரு காலத்தில் ஜீப்பைக் காப்பாற்றிய எரிபொருளையே அங்கு அதன் குற்றமாக்கிற்று. 2019-இல் 52-ஆம் பிரிவு திருத்தப்பட்டு, அரசு வகுக்கும் விதிகளுக்கு உட்பட்ட மாற்றங்களுக்கு வழி திறக்கப்பட்டது. 2021 நவம்பரில் தில்லி அரசு, ஏற்பளிக்கப்பட்ட உபகரணங்களைக் கொண்டு பழைய டீசல் வண்டிகளை மின்சார வண்டிகளாக்கலாம் என்று அறிவித்தது. பழைய ஜீப்பின் கியர்பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு மின்மோட்டாரைப் பூட்ட முனைபவர், இரண்டு தண்டுகளையும் நேர்கோட்டில் நிறுத்தும் அடாப்டர் பிளேட்டைக் கடையவும், பூஸ்டர் வைத்தால் அதற்கு வெற்றிடம் தரும் தனிப் பம்ப்பைத் தேடவும் வேண்டியிருக்கிறது.