திருவிதாங்கூருக்குப் போன புகையிலை

கரம்பொன் என்றால் தனிநாயகம் அடிகள் பிறந்த ஊர் என்பார்கள். சரிதான். ஆனால் பக்கத்திலேயே இருக்கிற ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு இன்னொரு கதையும் இருக்கு. பொது இடத்தில் புகைக்கலாமா கூடாதா என்று கதைக்க வெளிக்கிட்டால், எங்கட ஆட்கள் அங்கேயிருந்துதான் தொடங்க வேணும்.

ஒல்லாந்தர் காலத்திலும் பிறகு ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணத்தின் காசுப் பயிர் புகையிலை. நெல் சாப்பாட்டுக்கு, புகையிலை காசுக்கு. பட்டி அடைத்து எருவூட்டி, துலா மிதித்து இறைத்து, குடிலில் புகை போட்டுப் பதப்படுத்திய இலை தோணியேறி மலையாளக் கரைக்கு, முக்கியமாகத் திருவிதாங்கூருக்குப் போனது. அந்தச் சந்தை விழுந்த பிறகு சுருட்டு கைகொடுத்தது. தென்னிலங்கைப் பட்டினங்களில் எங்கட ஆட்கள் சுருட்டுக்கடை போட்டார்கள். கல்வீடு, சீதனம், பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றிலும் புகையிலைக் காசு இருந்தது. சுருட்டுக் கொட்டிலில் ஒருவர் பேப்பரை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடியே சுற்றுவார்களாம். நாங்கள் பெருமையாகச் சொல்லும் கதை இது. அந்தக் கொட்டில் காற்றை நாள் முழுக்க இழுத்த நெஞ்சுகளைப் பற்றி யாரும் அவ்வளவாகச் சொன்னதில்லை.

திருவிதாங்கூர் இன்றைக்குக் கேரளத்தின் தென்பகுதி. எங்கட இலை போன அந்த நாட்டில்தான், 1999 ஜூலை 12இல், கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்தது. புகைக்காதவர் மற்றவரின் புகையைச் சுவாசிக்க நேர்வது, வாழும் உரிமையை மீறுவது என்றது தீர்ப்பு. இந்தியா முழுவதற்குமான விதிகள் 2008 அக்டோபர் 2இல்தான் வந்தன.

இடையில் 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் பப்புகளுக்குள்ளும் தடை. வியாபாரம் படுத்துவிடும், காசு கொடுத்துக் குடிப்பவனின் சுதந்திரம் போச்சு என்று பெரிய சத்தம். தடை கேட்டவர்களின் பலமான வாதம் வேறு: வாடிக்கையாளர் ஒரு மணித்தியாலத்தில் எழும்பிப் போய்விடுவார், கிளாஸ் கழுவுகிற பெடியன் போக ஏலாது.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. தீவுப்பகுதியில் அது யார் காதில் விழுந்திருக்கும்? ஆகஸ்ட் 11இலிருந்து ஏ9 பாதை பூட்டிக் கிடந்த காலம். அரிசி, சீனி, மண்ணெண்ணெய்தான் அப்போதைய கதை.

ஆறுதலாக வாசித்தால் அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை தெரியும். மூடிய பொது இடங்களில் புகைக்கக்கூடாது என்கிறது. ஆனால் 30 அறைகளுக்குக் குறையாத ஹோட்டல்களும், 30 பேருக்குக் குறையாமல் இருக்கக்கூடிய உணவகங்களும் புகைக்க ஒரு பகுதியை ஒதுக்கலாம். கரம்பொனில் நாலு வாங்கு போட்ட தேத்தண்ணிக் கடைக்குத் தடை முழுசாக உண்டு; கொழும்பின் பெரிய ஹோட்டலுக்கு விலக்கு. இடம் பெரிதென்றால் புகை குறையும் என்று நினைத்தார்களோ தெரியாது. எங்களுக்கு இது முதலாளிக்குக் கொடுத்த சலுகையாகத்தான் படுகிறது. தடை வேணும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை, அந்த விலக்கும் போக வேணும். ஒதுக்கிய அந்தப் பகுதிக்குள்ளும் தட்டுத் தூக்கிக்கொண்டு ஒருவர் போகத்தானே வேணும்.