பல்லைப் படம்பிடிக்கக் கையைக் கொடுத்தவர்

பல் வைத்தியர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "எதற்கும் ஒரு எக்ஸ்றே எடுப்போம்" என்றதும், இது கட்டணத்தைக் கூட்டும் உபாயமோ என்று ஐயுறுவோர் நம்மவரிலும் உளர். அச்சிறு படத்தின் பின்னாலுள்ள வரலாறோ, நான் படித்தவற்றுள் துயரம் மிகுந்த ஒன்று.

ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தது 1895 நவம்பர் 8இல். மறு ஜனவரியிலேயே பிரவுண்ஷ்வைக் நகரத்தின் ஒட்டோ வால்கோஃப், கறுப்புக் கடதாசி சுற்றிய கண்ணாடித் தகட்டை வாய்க்குள் வைத்து, 25 நிமிடங்கள் அசையாமல் கிடந்து தன் பற்களைப் படம்பிடித்தார். இன்று அதற்கு ஒரு விநாடிகூடத் தேவையில்லை.

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பல் வைத்தியர் எட்மண்ட் கெல்ஸும் 1896இலேயே இப்பணியில் இறங்கினார். அக்காலக் குழாய்கள் ஒரே சீராகக் கதிரைத் தரமாட்டா. ஆகவே தன் கையையே குழாய்க்கு முன்னால் நீட்டி, எலும்புகள் ஒளிர்திரையில் தெளிவாகத் தெரியும்வரை குழாயைச் சரிசெய்வார். ஆண்டுக்கணக்கில் இவ்வாறே செய்தார். புற்றுநோய் முதலில் விரல்களைக் கொண்டுபோயிற்று. பிறகு கை, பிறகு புயம். பல சத்திரசிகிச்சைகளின் பின், 1928இல் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

எச்சரிக்க ஆளில்லாமலும் இல்லை. பொஸ்ரன் பல் வைத்தியர் வில்லியம் றொலின்ஸ், கதிர்பட்ட கினிப்பன்றிகள் இறந்ததை 1901இல் எழுதி, குழாயைக் கவசத்துள் அடைக்கவும் கதிரை வேண்டிய இடத்துக்கு மட்டும் குறுக்கவும் வேண்டினார். செவிசாய்த்தோர் சிலரே. சரியான செய்தி பத்திரிகையின் மூலையில் முடங்குவதை வாழ்நாளெல்லாம் பார்த்த எனக்கு இதில் வியப்பில்லை.

பற்சிப்பி கதிரை மறிக்கும். சூத்தை விழுந்த இடம் அதை ஊடுருவ விடும். எனவே இரு பற்கள் நெருங்கும் இடுக்கில், கண்ணுக்கும் ஊசிக்கும் அகப்படாத சூத்தை படத்தில் கருநிழலாய்த் தெரியும். நோயாளி கடித்துப்பிடிக்கும் படச்சுருளை 1925இல் ஹவார்ட் றேப்பர் அறிமுகப்படுத்தியபின், மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒரே படத்தில் அடங்கின. வேர்நுனிச் சீழ், முரசு நோயால் தேயும் தாடையெலும்பு, எலும்புக்குள் படுத்துக்கிடக்கும் ஞானப்பல் ஆகியனவும் வலி தொடங்குமுன்பே புலப்படக்கூடும்.

இன்று ஒரு சிறு பற்படத்தின் கதிரளவு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒரு நாளில் நாம் இயல்பாகப் பெறுவதைவிடக் குறைவு. கதிரை உரிய அளவுக்குக் குறுக்கி எடுத்தால் ஈய மேலங்கி அவசியமில்லை என்று அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் 2024இல் பரிந்துரைத்தது. கதிரைக் குறுக்குங்கள் என்று றொலின்ஸ் எழுதி அப்போது நூற்றிருபது ஆண்டுகள் கடந்திருந்தன.