குறைநிரல் தளம்

குறைநிரல் தளம் என்பது நிரலை வரிவரியாக எழுதாமலே செயலி உருவாக்க உதவும் மென்பொருள். படிவம், பட்டியல், பொத்தான் ஆகியவற்றைத் திரையில் இழுத்து வைத்து, தேவைப்படும் இடத்தில் மட்டும் சில வரி நிரல் சேர்த்தால் போதும். துறையினர் பேச்சில் இது லோ-கோட். நிரலே வேண்டாத வகையை நோ-கோட் என்பார்கள். நடைமுறையில் இரண்டுக்கும் நடுவே உள்ள வரப்பு அடிக்கடி அழிந்துவிடுகிறது. விடுப்பு விண்ணப்பம், கொள்முதல் ஒப்புதல், கிடங்கு இருப்பு, கேட் பாஸ் என அலுவலகத்துக்குள் மட்டும் புழங்கும் கருவிகளுக்கு இவை பெரிதும் பயன்படுகின்றன.

லோ-கோட் என்ற பெயர் 2014இல் ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையால் பரவியது. சங்கதி அதைவிடப் பழையது. டிபேஸ், ஃபாக்ஸ்புரோ, 1992இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஆக்செஸ் ஆகியவை செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான். இணையம் வழி இயங்கும் தளங்கள் பின்னர் வந்தன. போர்ச்சுகலில் அவுட்சிஸ்டம்ஸ் 2001இலும், நெதர்லாந்தில் மெண்டிக்ஸ் 2005இலும் தொடங்கப்பட்டன. சென்னையிலிருந்து ஜோஹோ கிரியேட்டர் 2006இல் வெளிவந்தது. அந்த நிறுவனத்துக்கு அப்போது அட்வென்ட்நெட் என்று பெயர். மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸ் 2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

பெரும்பாலான அலுவலகங்கள் எக்செலிலிருந்துதான் இங்கே வருகின்றன. எக்செல் எங்கே கைவிடும் என்பதற்கு இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2020 அக்டோபரில் ஓர் உதாரணம் தந்தது. ஆய்வகங்கள் அனுப்பிய கொரோனா முடிவுகள் பழைய எக்எஸ்எல் வடிவக் கோப்புகளில் ஏற்றப்பட்டன. அந்த வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. ஒரு நோயாளிக்கே பல வரிகள் ஆனதால் கோப்புகள் சீக்கிரம் நிரம்பின. மிஞ்சியவை சத்தமில்லாமல் விடுபட்டன. 15,841 தொற்றாளர்கள் உரிய நாளில் கணக்கில் வரவில்லை. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் தள்ளிப்போனது.

தளம் மாறினால் இந்த ஆபத்து தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஓர் ஆலையின் கேட் பாஸ் பதிவேட்டைப் பவர் ஆப்ஸில் செய்து, தரவை ஷேர்பாயிண்ட் பட்டியலில் வைத்திருப்பதாகக் கொள்வோம். பட்டியலில் 3,000 பதிவுகள். தேடலுக்கு எழுதிய சூத்திரம் தரவிருக்கும் இடத்திலேயே இயங்கக்கூடியது என்றால் சிக்கலில்லை. இல்லாவிட்டால் செயலி முதல் 500 பதிவுகளை மட்டும் கொண்டுவந்து அவற்றுக்குள் தேடும். அமைப்பை மாற்றினாலும் 2,000தான் உச்சம். வடிவமைப்பவருக்கு எச்சரிக்கைக் குறி ஒன்று தெரியும். வாசலில் நிற்கும் காவலருக்கோ எதுவும் தெரியாது. உண்மையிலேயே இருக்கும் கேட் பாஸ் ‘இல்லை’ என்று வரும். ஆகவே செயல்விளக்கத்தில் காட்டும் இருபது மாதிரிப் பதிவுகளை வைத்து எந்தத் தளத்தையும் எடைபோடக் கூடாது. சொந்தப் பதிவேட்டின் இரண்டு வருடத் தரவை ஏற்றிப் பார்க்க வேண்டும்.

கூடவே தமிழையும் சோதிப்பது நல்லது. படிவத்தில் தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காகவே தெரியும். சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்செலில் திறக்கும்போது புரியாத குறிகளாக மாறுவதும், பிடிஎஃப்பில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதும் பழகிய தொல்லைகள். விற்பனையாளர் இதைத் தானாகக் காட்டமாட்டார்.

யார் செய்யப்போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. பவர் ஆப்ஸின் பவர் எஃப்எக்ஸ் மொழி எக்செல் சூத்திரத்தின் சாயலில் இருப்பதால் கணக்குப் பிரிவில் இருப்பவருக்குப் பிடிபட்டுவிடும். ஜோஹோ கிரியேட்டருக்கு டெலூஜ் என்ற தனி மொழி உண்டு. ரீடூல், ஆப்ஸ்மித் போன்றவற்றில் ஜாவாஸ்கிரிப்ட் தெரியாமல் வெகுதூரம் போக முடியாது; அவை நிரலருக்கு நேரம் மிச்சப்படுத்தும் கருவிகள். கட்டணம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று மாதக் கணக்கில் வருகிறது. மாதம் ஒருமுறை விடுப்பு கேட்கும் தொழிலாளியும் அந்தத் தலைக்கணக்கில் சேர்வாரா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆப்ஸ்மித், டூல்ஜெட் ஆகியவற்றின் திறமூலப் பதிப்புகளைச் சொந்தச் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். அதில் நிரல் இலவசம். சர்வரும், பேக்கப் எடுக்கும் ஆளும் இலவசமல்ல.

அனுமதி அமைப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது பெரும் தவறு. பவர் ஆப்ஸ் போர்ட்டல்களில் பட்டியல்களை வெளியிலிருந்து படிக்க வழிசெய்யும் வசதியை இயக்கியவர்கள் பலர், அவற்றுக்கான அனுமதிக் கட்டுப்பாட்டைத் தனியாக இயக்காமல் விட்டிருந்தார்கள். அந்தக் கட்டுப்பாடு இயல்பாகவே அணைந்திருந்தது. இதனால் ஏறத்தாழ 3.8 கோடி பதிவுகள் யாரும் பார்க்கக்கூடிய நிலையில் கிடந்ததை 2021இல் அப்கார்ட் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. கொரோனா தடுப்பூசி முன்பதிவுகளும் பணியாளர் விவரங்களும் அவற்றில் இருந்தன. யாரும் பூட்டை உடைக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் பிறகு இயல்புநிலையை மாற்றியது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தளம் மூடப்பட்டால் நம் கையில் என்ன மிஞ்சும்? சிறு நிறுவனம்தான் கடையைக் கட்டும் என்பதில்லை. அமேசான் 2020இல் அறிமுகப்படுத்திய ஹனிகோட் 2024 பிப்ரவரி 29 அன்று நிறுத்தப்பட்டது. கூகுளின் ஆப் மேக்கர் 2021 ஜனவரி 19 அன்று மூடப்பட்டது. அதில் கட்டிய செயலிகளை வேறு தளத்துக்கு அப்படியே பெயர்க்க வழியில்லை. புதிதாகத்தான் எழுத வேண்டியிருந்தது. கிளவுட் எஸ்கியூஎல் தரவுத்தளத்தில் தனியாக வைத்திருந்த தரவு மட்டும் உரியவர்களிடம் பத்திரமாக இருந்தது.